வயிற்றெரிவுக்குக் குடிக்கும் மருந்து: எதைத் தணிக்கும், எதை ஆற்றாது

கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் பக்கம் திரும்பி வந்த குடும்பங்களின் வீடுகளுக்கு எமது வெளிக்கள உத்தியோகத்தர்கள் போகும்போது, மருந்து வைக்கும் இடத்தில் பெரும்பாலும் மூன்று பொருள்களைக் காண்கிறார்கள். ஒன்று பனடோல். மற்றது நோவுக்குப் போடும் இன்னொரு குளிசை, அனேகமாக டைக்குளோபெனாக். மூன்றாவது, "கஸ்ரைற்றிசுக்கு" என்று சொல்லி வாங்கிய பாணி மருந்துப் போத்தல் அல்லது சப்பித் தின்னும் குளிசை.

இரண்டாவதைப் போடுவதால் வயிறு எரிகிறது. எரிவதால் மூன்றாவதைக் குடிக்கிறோம். எரிவு தணிந்துவிடுவதால் இரண்டாவதைத் தொடர்ந்து போடுகிறோம். இந்தச் சுற்றுக்குள் அகப்பட்ட ஒருவருக்கு வயிற்றில் புண் வந்து, அதிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கும் வரைக்கும் ஒன்றும் தெரியாமல் போகலாம். பாணி மருந்து கெட்டதல்ல. அது செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு, செய்ய முடியாத வேலையும் ஒன்று உண்டு. அந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதற்கே இந்தப் பக்கங்கள். இவை வைத்தியரின் இடத்தை எடுக்க மாட்டா. வைத்தியரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக உதவும்.

வயிற்றில் இருக்கும் புளிப்பு

"கஸ்ரைற்றிஸ்" என்ற சொல்லை எங்கள் சனம் எல்லாவற்றுக்கும் பாவிக்கிறது. நெஞ்செரிவும் கஸ்ரைற்றிஸ், பொருமலும் கஸ்ரைற்றிஸ், புளித்த ஏவறையும் கஸ்ரைற்றிஸ், பசியில் வரும் வயிற்றுக் குத்தும் கஸ்ரைற்றிஸ். வைத்தியருக்கு அது இரைப்பையின் உட்சுவர் அழன்று போயிருக்கும் ஒரு நிலையை மட்டுமே குறிக்கும். நீங்களே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போனால், நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் அந்தப் பெயருக்கான மருந்தோடு திரும்பி வரத்தான் வாய்ப்பு அதிகம். நோயின் பெயரை விட்டுவிட்டு, எங்கே நோகிறது, எப்போது நோகிறது, சாப்பிட முன்னரா பின்னரா, நித்திரையைக் குழப்புகிறதா என்று சொல்லுங்கள்.

இரைப்பை நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லீற்றர் சமிபாட்டு நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் போத்தலில் எச்சரிக்கை ஒட்டி வைத்திருக்கும் அதே அமிலம்தான். தேசிக்காய்ப் புளியின் கடுமைக்கு அது குறைந்ததல்ல. இறைச்சி, மீன், பருப்பிலுள்ள புரதத்தைக் கரைப்பதற்கும், சாப்பாட்டோடு போகும் கிருமிகளைக் கொல்வதற்கும் அது வேண்டும். அப்படிப்பட்ட நீர் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்கு, உட்சுவரில் வழுவழுப்பான சளிப்படை ஒன்று பூசியிருக்கிறது.

அமிலம் மேலே உணவுக் குழாய்க்குள் ஏறினால் நெஞ்செரிவு வருகிறது. அங்கே அந்தச் சளிப்படை இல்லை. சளிப்படை ஓரிடத்தில் கெட்டு, அமிலம் கீழேயுள்ள தசையைத் தொட்டால் புண் வருகிறது. புண் இரைப்பையிலும் வரலாம், அதற்கு அடுத்திருக்கும் முன்சிறுகுடலிலும் வரலாம். முன்சிறுகுடற் புண் பசி நேரத்திலும் நடுச்சாமத்திலும் நோகும், கொஞ்சம் சாப்பிட்டால் அடங்கும் என்பது பொதுவான வழக்கம். இரைப்பைப் புண் பெரும்பாலும் சாப்பிட்டதும் நோகும். ஆனால் எல்லோருக்கும் இப்படிப் பிரிந்து தெரிவதில்லை. நோக்குளிசை போடும் வயதானவர்களில் சிலருக்குப் புண் இருந்தும் நோவே இராது.

பாணி மருந்து செய்யும் வேலை

சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் படிப்பதுதான் இங்கே நடக்கிறது. அமிலத்தோடு மூலத்தைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று நடுநிலையாக்கி, உப்பும் நீரும் உண்டாகின்றன. நீலப் பாசிச்சாயத்தாளைச் சிவப்பாக்கிய திரவம் அதன்பிறகு அப்படிச் செய்யாது. அன்ரசிட் என்று சொல்லப்படும் மருந்துகள் எல்லாம் வாயால் உட்கொள்ளக்கூடிய மென்மையான மூலங்கள். போத்தலின் லேபலைப் பாருங்கள்: அலுமினியம் ஐதரொட்சைட்டு, மகனீசியம் ஐதரொட்சைட்டு, கல்சியம் காபனேற்று என்பவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஜெலுசில், டைஜீன் போன்றவற்றில் அலுமினியமும் மகனீசியமும் சேர்ந்தே வருகின்றன. அதற்குக் காரணம் உண்டு. மகனீசியம் தனியே வயிற்றை இளக்கும், அலுமினியம் தனியே மலத்தை இறுக்கும். இரண்டையும் கலந்தால் ஒன்றை ஒன்று சமன் செய்யும் என்பது எண்ணம். எல்லோர் வயிற்றிலும் அது சரியாக அமைவதில்லை. வாய்வுக் குமிழிகளை உடைப்பதற்காகச் சிமெதிக்கோன் என்ற பொருளையும் சேர்த்திருப்பார்கள்.

சில நிமிடங்களிலேயே எரிவு குறைவதற்குக் காரணம் இந்த நடுநிலையாக்கல்தான். ஆனால் இரைப்பை அமிலம் சுரப்பதை அது நிறுத்துவதில்லை. வீட்டுக்குள் வெள்ளம் வரும்போது வாளியால் அள்ளி வெளியே ஊற்றுவது போன்ற வேலை இது. அள்ளும்வரை தரை தெரியும், பிறகு தண்ணீர் வந்துவிடும். வெறுவயிற்றில் குடித்தால் மருந்து அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் குடலுக்கு இறங்கிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், சாப்பாடு இரைப்பையில் தங்குவதால் மருந்தும் தங்கி, 3 மணி நேரம்வரை வேலை செய்யும். ஆகவே அதைக் குடிக்கச் சரியான நேரம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரமும், படுக்கப் போகும் நேரமும். காலையில் வெறுவயிற்றில் ஒரு மூடி குடித்துவிட்டு வயலுக்குப் போவதில் பெரிய பிரயோசனம் இல்லை.

போத்தலை நன்றாகக் குலுக்குங்கள். மருந்து கனமான தூளாக அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதற் கிழமை வெறும் தண்ணீரையும் கடைசிக் கிழமை கட்டியான மருந்தையும் குடிப்பீர்கள். குளிசையாக இருந்தால் விழுங்காமல் நன்றாகச் சப்பித் தின்னுங்கள்.

அப்பச்சோடாவைப் பற்றியும் சொல்லவேண்டும். கடையில் மருந்து கிடைக்காத, ஏ-9 பாதை பூட்டிக் கிடந்த காலங்களில் எங்கள் வீடுகளில் அதுதான் மருந்து. அது சோடியம் இருகாபனேற்று, ஈனோவில் இருப்பதும் பெரும்பாலும் அதுவே. அமிலத்தைச் சட்டென்று தணிக்கும், பொய்யில்லை. ஆனால் அப்போது உண்டாகும் வாயு வயிற்றை ஊதச் செய்யும், அதிலுள்ள சோடியம் உடம்பில் உப்பைக் கூட்டும். பிறசர் உள்ளவர்கள், இருதய நோயாளர், கால் வீங்குபவர்கள், கர்ப்பிணிகள் அதைத் தொடவேண்டாம். மற்றவர்களும் எப்போதாவது ஒருநாள் குடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அலுமினியமும் மகனீசியமும் ஆபத்தானவை. அவர்களுடைய உடம்பு அவற்றை வெளியேற்றாமல் சேர்த்து வைத்துவிடும். வவுனியா, அனுராதபுரம் பக்கங்களில் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகிறது. அங்கே பல ஆண்டுகள் இருந்து வந்தவர்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்து பார்த்த பிறகு இந்த மருந்துகளைப் பாவிப்பது நல்லது.

இன்னொரு கவனம்: பாணி மருந்து மற்ற மருந்துகளைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையை அதனோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சேரவேண்டிய இரும்பு சேராது. தைரொக்சின் குளிசைக்கும் இதே கதிதான். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவியதை நினைத்துப் பாருங்கள். வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் டொக்சிசைக்கிளினை இந்தப் பாணியோடு போட்டால், மருந்து போட்டும் போடாத மாதிரி ஆகிவிடும். இரண்டு மருந்துக்கும் இடையில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். தைரொக்சினுக்கு 4 மணி நேரம்.

பம்பை நிறுத்தும் மருந்து

அரச வைத்தியசாலையில் இப்போது அதிகம் கொடுப்பது ஒமெப்பிரசோல். இது வெள்ளத்தை அள்ளுவதில்லை. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. இது அவற்றையே நிறுத்திவிடும். பன்ரொப்பிரசோல், இசொமெப்பிரசோல் என்பனவும் இதே குடும்பம். 1980களின் இறுதியில் இவை பாவனைக்கு வந்தன. அதற்கு முந்திய தலைமுறை பமோட்டிடின் வகை. அவை பம்புக்குப் போகும் கட்டளைகளில் ஒன்றை மறிப்பவை. அந்த வகையின் முதல் மருந்துக்கு வழி கண்ட ஸ்கொட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் பிளக் 1988இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒமெப்பிரசோல் போட்ட அன்றே எரிவு நிற்காவிட்டால் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று ஒதுக்கி வைப்பவர்கள் பலர். அது முழுதாக வேலை செய்ய 3, 4 நாட்கள் செல்லும். அந்த நாட்களில் இடையே பாணி மருந்தும் குடிக்கலாம், வைத்தியரைக் கேட்டுவிட்டு. காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னர், உறையை உடைக்காமல், சப்பாமல் விழுங்கவேண்டும். பம்புகள் வேலை தொடங்கும் நேரம் அது. சாப்பிட்ட பின் போட்டால் பாதிப் பலன் வீண்.

புண் ஆறுவதற்கு இம்மருந்தைப் பொதுவாக 4 முதல் 8 கிழமை கொடுப்பார்கள். நோவு முதற் கிழமையிலேயே போய்விடும், புண் அப்போது ஆறியிருக்காது. இரண்டாம் மாத மருந்தை எடுக்கப் போகாமல் விடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். மறுபக்கம், ஒரு துண்டை வைத்துக்கொண்டு பாமசியில் வருடக்கணக்காக வாங்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். நீண்டகாலம் போட்டால் விற்றமின் பி12, மகனீசியம் குறையலாம், எலும்பு பலவீனமாகலாம். திடீரென்று நிறுத்தினால் சில நாட்கள் அமிலம் முன்னரைவிடக் கூடச் சுரக்கும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மீண்டும் தொடங்குவார்கள். நிறுத்தும் முறையையும் வைத்தியரிடமே கேளுங்கள்.

புண் எதனால் வருகிறது

உறைப்பும் யோசனையும்தான் புண்ணுக்குக் காரணம் என்று வைத்தியர்களே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள், நோயாளரின் இரைப்பையிலிருந்து சுருண்ட வடிவமுள்ள ஒரு பக்ரீரியாவை வளர்த்தெடுத்தார்கள். அதுவரை செய்த முயற்சிகள் எல்லாம் தோற்றன. உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் பரிசோதனைத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாட்கள் அடைகாப்புப் பெட்டியில் கிடந்ததால்தான் கிருமி வளர்ந்தது. அமிலத்துக்குள் கிருமி வாழும் என்று யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, பின்னர் இரைப்பை அழற்சி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எலிக்கோபக்ரர் பைலோரி என்பது அந்தக் கிருமியின் பெயர். பெரும்பாலும் சிறுவயதில், நெருக்கமான வீடுகளில், வாய்வழியாகவும் மலம் கலந்த நீர் வழியாகவும் தொற்றுகிறது. தறப்பாள் கொட்டிலில் பத்துப்பேர் படுத்து எழும்பி, வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கிருமி இருக்கும்வரை எத்தனை போத்தல் பாணி மருந்து குடித்தாலும் புண் ஆறி ஆறித் திரும்ப வரும். அதைக் கொல்ல, இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளோடு ஒமெப்பிரசோல் போன்ற ஒன்றையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் கொடுப்பார்கள். வாயில் கசப்பும் குமட்டலும் இருக்கும். அதற்காக ஐந்தாம் நாள் விட்டால், எஞ்சிய கிருமி அடுத்தமுறை அதே மருந்துக்கு அடங்காது. மெற்றோனிடசோல் சேர்ந்திருந்தால் அந்த நாட்களில் கள்ளு, சாராயம் கூடவே கூடாது. கிருமி இருக்கிறதா என்று மூச்சிலும் மலத்திலும் பார்க்கும் சோதனைகள் உண்டு. குழாய் விட்டுப் பார்க்கும் எண்டொஸ்கோப்பியிலும் தெரியும். சோதனைக்கு 2 கிழமைக்கு முன் ஒமெப்பிரசோலை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம். நீங்கள் ஒமெப்பிரசோல் போடுகிறீர்கள் என்பதைச் சோதனைக்கு எழுதும்போதே வைத்தியருக்குச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் நோக்குளிசை. திரும்பி வந்தவர்களுக்கு இதுதான் பெரிய காரணம் என்பது எமது எண்ணம். பத்து, இருபது வருடம் பற்றையாகிக் கிடந்த காணியைத் துப்புரவாக்குகிறீர்கள், கிணறு இறைக்கிறீர்கள், கல் சுமக்கிறீர்கள். உடம்பில் இன்னும் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள், செயற்கைக் காலோடு வயல் செய்பவர்கள் இருக்கிறார்கள். நோவு பொய்யில்லை. டைக்குளோபெனாக் (வொல்ரறன் என்றும் சொல்வோம்), ஐபுபுறோபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எல்லாம் நோவைத் தணிப்பது உடம்பில் ஒரு இரசாயனத்தைக் குறைத்து. இரைப்பையின் சளிப்படையைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதும் அதே இரசாயனம்தான். ஆகவே காவல் போய்விடுகிறது. இது இரத்தத்தின் வழியாக நடப்பதால், ஊசியாகப் போட்டாலும் பின்வழியாக வைத்தாலும் இரைப்பைக்குத் தப்ப வழியில்லை. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிவு கொஞ்சம் குறையும், ஆபத்து குறையாது. பாணி மருந்தை மேலே குடித்தாலும் அப்படியே. எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டு வீட்டைத் திறந்து வைப்பதுதான் அது.

செய்யக்கூடியது என்ன? முதலில் பனடோல், அதாவது பரசிற்றமோல். வளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு வீதம், குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட்டு, 24 மணி நேரத்துக்குள் எட்டுக்கு மேற்படாமல் போடலாம். மதுப் பழக்கம் உள்ளவர்களும் ஈரல் நோயாளரும் மெலிந்தவர்களும் அதைவிடக் குறைக்கவேண்டும். எண்ணெய் பூசுவது, சூட்டு ஒத்தடம், உடற்பயிற்சிச் சிகிச்சை என்பவற்றையும் அற்பமாக நினைக்கவேண்டாம். நோக்குளிசை கட்டாயம் வேண்டும் என்ற நிலையில், குறைந்த அளவில் குறைந்த நாட்களுக்கு, ஒமெப்பிரசோலைக் காவலாக வைத்து வைத்தியர் தருவார். ஆனால் இருதய நோய்க்காக வைத்தியர் தந்த சிறு அளவு அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவேண்டாம். அதை நிறுத்துவது புண்ணைவிட ஆபத்தாகலாம்.

யோசனைக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1940-41இல் இலண்டன் மீது குண்டு விழுந்த மாதங்களில் புண் வெடித்து வைத்தியசாலைக்கு வந்தவர்களின் தொகை கூடியதை அங்கே வைத்தியர்கள் பதிந்திருக்கிறார்கள். 2011 மார்ச் 11இல் ஜப்பானில் வந்த நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு மியாகி மாநிலத்து வைத்தியசாலைகளில் இரத்தம் கசியும் புண்கள் கூடின. அகதி முகாம்களில் தங்கியிருந்தவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நடந்து தென்மராட்சிக்கு வந்தவர்களும், 2000இல் தென்மராட்சியையே விட்டுப் போனவர்களும், 2009இல் இங்கே இராமாவில் முகாமில் இருந்தவர்களும் இந்தக் கைநூலைப் படிப்பவர்களில் இருப்பீர்கள். உங்கள் வயிற்று நோவை "யோசனையால் வருவது" என்று யாராவது சொல்லி அனுப்பினால், அதை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டு, மற்ற இரண்டு காரணங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துகள்

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் மருந்துப் பட்டிகளையும் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே ரான்டாக், அசிலாக் என்ற பெயர்களில் விற்கப்படுவது ரனிற்றிடின். 2019 செப்ரெம்பரில் அந்த மருந்தில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு கலப்படப் பொருள் இருப்பது தெரியவந்து, பல நாடுகள் அதை மீளப் பெற்றன. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அதை முற்றாகச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. முன்பு போட்டதை நினைத்துப் பயப்படவேண்டாம். கையில் இருப்பதைத் தொடராமல், வைத்தியரிடம் காட்டி வேறொன்று கேளுங்கள். "ஜீரோடால்-பி" என்ற பட்டியில் நோக்குளிசையோடு பரசிற்றமோலும் கலந்திருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு பனடோலும் போட்டால் அளவு மீறலாம். "பான்-டி" என்பதிலும் இரண்டு மருந்துகள் உண்டு.

வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மருந்தின் சொந்தப் பெயர் மாறாது. மருந்துகளைச் சொந்தப் பெயரில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டும் என்று இந்த நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவானது அவரது முயற்சியால். பட்டியில் பெரிய எழுத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரை வாசித்துப் பழகுங்கள், வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொண்டாவது. ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு தரம் போடும் தவறு அதனால் குறையும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. மிளகாய் புண்ணை உண்டாக்காது, இருக்கும் புண்ணை எரிக்கும்; உங்களுக்கு ஒத்துவராததை மட்டும் குறைத்தால் போதும், மாதக்கணக்கில் வெறும் கஞ்சி குடித்து மெலியவேண்டியதில்லை. பால் குடித்ததும் சுகமாக இருக்கும், பிறகு அமிலத்தைக் கூட்டும். சுருட்டும் சிகரெட்டும் புண் ஆறுவதைத் தாமதிக்கச் செய்யும். இரவு நெஞ்செரிவு உள்ளவர்கள் படுக்கைக்கு 3 மணி நேரம் முன்னரே சாப்பிட்டு, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துங்கள். வேர்க்கொம்பு, ஓமம் பொருமலுக்கு உதவும், புண்ணை ஆற்றா. சித்த வைத்தியரிடம் குன்மத்துக்கு மருந்து எடுப்பவர்கள் அதை இரு பக்க வைத்தியருக்கும் சொல்லிவிடுங்கள்.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

மலம் தார் போலக் கறுத்து, ஒட்டிப் பிடித்து, கெட்ட மணத்தோடு போனால் அது வயிற்றுக்குள் கசிந்த இரத்தமாக இருக்கலாம். இரும்புக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் தார் போல ஒட்டாது; சந்தேகம் என்றால் போய்க் காட்டுங்கள். இரத்தமாக அல்லது கோப்பித் தூள் போல வாந்தி, கத்தியால் குத்தியதுபோலத் திடீரென்று வந்து வயிறு பலகையாக இறுகும் நோவு, தலைசுற்றி வியர்த்து விழுதல், இவற்றில் ஒன்று வந்தாலும் பாணி மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. எங்கே நிற்கிறீர்கள் என்பதைத் தெரிந்த அடையாளத்தோடு சொல்லுங்கள்: கொடிகாமம் சந்தியிலிருந்து பருத்தித்துறை வீதியா, மிருசுவில் பக்கமா, எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடத்தடி.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல நொந்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சு முட்டும் வந்தால் அதை வாய்வு என்று எடுக்காதீர்கள். சோடா குடித்து ஏவறைக்குக் காத்திருந்த நேரத்தில் உயிர் போயிருக்கிறது. சீனி வியாதி உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் வயிற்றெரிவாகவும் வரலாம். அதற்கும் 1990தான்.

உயிராபத்து இல்லாத, ஆனால் நாள் கடத்தக்கூடாத நிலைகளும் உண்டு. முயலாமலே உடம்பு மெலிதல், விழுங்கும்போது அடைத்தல், அடிக்கடி வாந்தி, முகம் வெளிறிக் களைத்தல், 55 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த வயிற்று நோவு, 2 கிழமைக்கு மேல் தினமும் பாணி மருந்து தேவைப்படுதல். இவற்றுக்குச் சாவகச்சேரி வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். எண்டொஸ்கோப்பி தேவை என்றால் யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள், அங்கேயும் இலவசம். இரவு முழுவதும் சாப்பிடாமல் போகவேண்டும், தொண்டைக்கு மரக்கச் செய்யும் மருந்து அடித்து மெல்லிய குழாயை விடுவார்கள், சில நிமிட வேலை.

போகும்போது கிளினிக் கொப்பியோடு, வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வெறும் பட்டியும் பரவாயில்லை. கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டார் தந்தது, இந்தியாவிலிருந்து கொண்டுவந்தது, நோவுக்கு எப்போதாவது போடுவது எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். கொப்பி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்றால் முதலிலேயே சொல்லிப் புதியதைப் பதியக் கேளுங்கள். பழைய அறிக்கை எதுவும் இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பினால், எமது கொடிகாமம் வெளிக்கள அலுவலகத்துக்கு வாருங்கள். கூட வருவதற்கு ஒருவரை ஒழுங்கு செய்வோம்.